வேர்டு டெம்ப்ளேட்டும் வேற்றுமை உருபும்

பணி நியமனக் கடிதம் ஒன்று, ஏழு பக்கம். சேரப்போகிறவரின் பெயர் அதில் பதினோரு இடத்தில் வரும், பதவி ஐந்து இடத்தில், சேரும் தேதி நான்கு இடத்தில், போதாக்குறைக்கு ஒவ்வொரு பக்கத்தின் மேல் ஓரத்திலும் பெயர் இருக்க வேண்டும். புதிதாக யாராவது சேரும்போதெல்லாம் போன ஆளுக்குப் போட்ட கோப்பைத் திறந்து, 'சேவ் ஆஸ்' கொடுத்து, பழைய பெயரைத் தேடித் தேடி மாற்றுவதுதான் என் வழக்கமாக இருந்தது. இரண்டு வருடம் இப்படியே ஓடியது. ஒரு நாள் ஆறாம் பக்கத்தில், ரகசியம் காப்பது பற்றிய பத்தியில், பழைய ஆளின் பெயர் அப்படியே நின்றுவிட்டது. கையெழுத்துப் போட வந்த பெண் பொறுமையாக முழுவதையும் படித்துவிட்டு, அந்த வரியில் விரலை வைத்து, "இது யாருங்க?" என்று கேட்டார்.

வேலைக்கு வரும் ஒருவர் கையில் நாம் கொடுக்கும் முதல் காகிதம் அது. அதிலேயே இன்னொருவர் பெயர் இருந்தால் அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்? அன்றைக்கு எனக்கு ரொம்பவே கஷ்டமாக இருந்தது. அதற்கப்புறம்தான் உட்கார்ந்து, பெயரை ஒரு முறை தட்டினால் கோப்பு முழுவதும் தானாக வந்து நிற்கும்படி டெம்ப்ளேட் செய்வது எப்படி என்று கற்றுக்கொண்டேன். தெரிந்துகொண்டதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். முக்கியமாக, தமிழில் டெம்ப்ளேட் செய்பவர்களுக்கு வரும் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல வேண்டும்.

முதலில், 'ஃபைண்டு அண்டு ரீப்ளேஸ்' போதாதா என்று கேட்பவர்களுக்கு. போதாது. ஒரு முறை பழைய கடிதம் மணி என்பவருடையது, புதியவர் பெயர் செல்வம். 'ரீப்ளேஸ் ஆல்' கொடுத்தேன். பணி நேரம் 'காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை' என்று இருந்த வரி 'காலை 9 செல்வம் முதல் மாலை 6 செல்வம் வரை' என்று மாறிவிட்டது. முழுச் சொல்லாக இருந்தால் மட்டும் மாற்று என்று சொல்லியிருந்தாலும் தப்பியிருக்காது, அந்த 'மணி' முழுச் சொல்தானே. தமிழ்ப் பெயர்களில் பலவும் அகராதியில் வேறு பொருளோடு இருக்கும் சொற்கள். அன்பு, அறிவு, மலர், செல்வம், வெற்றி என்று எதை எடுத்தாலும் கடிதத்தில் வேறெங்காவது அது சாதாரணச் சொல்லாக உட்கார்ந்திருக்கலாம். அதுவும் போக, முன்னால் யாரோ ஒரு இடத்தில் எழுத்துப்பிழையோடு அடித்திருந்தால் தேடல் அதைத் தொடாமல் போய்விடும். ஆறாம் பக்கத்தில் நடந்தது இதுதான்.

அடிப்படை விஷயம் ஒன்றே ஒன்று. பெயர் கோப்புக்குள் ஒரே ஓர் இடத்தில் இருக்க வேண்டும், மற்ற பத்து இடங்களும் அதைப் பார்த்துக் காட்ட மட்டும் வேண்டும். இதைச் செய்ய வேர்டில் பல வழிகள் உண்டு, ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை.

நான் முதலில் பிடித்தது புக்மார்க் வழி. பெயரை ஓரிடத்தில் தட்டி, அதைத் தேர்ந்தெடுத்து, 'இன்சர்ட்' போய் புக்மார்க் ஆக்கி, அதற்கு ஒரு பெயர் வைப்பது. பிறகு வேண்டிய இடங்களில் 'கிராஸ் ரெஃபரன்ஸ்' வழியாகவோ, கன்ட்ரோலும் எஃப்9-ம் சேர்த்து அழுத்தினால் வரும் இரட்டை வளைவுக்குள் 'ரெஃப்' என்று எழுதி அந்தப் புக்மார்க்கின் பெயரைக் கொடுத்தோ ஒரு ஃபீல்டு, அதாவது வேறிடத்தில் இருப்பதை எடுத்துக் காட்டும் குறி, போடுவது. முதலில் பார்க்கும்போது அருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஃபீல்டுகள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. பெயரை மாற்றியபின் கன்ட்ரோல்+ஏ அழுத்தி எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, எஃப்9 தட்ட வேண்டும். தட்டினாலும் உடல் பகுதிதான் மாறும், பக்கத்தின் மேல் ஓரம், கீழ் ஓரம், டெக்ஸ்ட் பாக்ஸ் எல்லாம் அந்தத் தேர்வுக்குள் வராது. அச்சிடும் முன் ஃபீல்டுகளைப் புதுப்பி என்று 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'டிஸ்பிளே' பகுதியில் ஒரு டிக் இருக்கிறது, உண்மைதான், ஆனால் அது அந்தக் கணினியின் அமைப்பு, கோப்போடு சேர்ந்து போகாது. என் கணினியில் ஒழுங்காக அச்சாகும் கடிதம் பக்கத்து மேசையில் பழைய பெயரோடு அச்சாகும்.

இன்னொரு பெரிய குறை, புக்மார்க் எளிதில் காணாமல் போய்விடும். டெம்ப்ளேட்டைப் பயன்படுத்துபவர் மாதிரிப் பெயரை முழுதாகத் தேர்ந்தெடுத்து அதன்மேல் புதுப் பெயரைத் தட்டினால், எழுத்தோடு சேர்ந்து புக்மார்க்கும் போய்விடும். அப்புறம் எஃப்9 தட்டினால் பத்து இடத்திலும் 'எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்' என்று தடித்த எழுத்தில் வந்து நிற்கும். 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'அட்வான்ஸ்டு' பகுதியில் புக்மார்க்கைக் காட்டு என்று டிக் போட்டால் சதுர அடைப்பு தெரியும், அந்த அடைப்புக்கு உள்ளே பார்த்துத் தட்டலாம். ஆனால் இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டு தட்டச் சொல்லி அவசரத்தில் இருக்கும் ஒருவரிடம் கேட்பது நியாயமில்லை. 'ஆஸ்க்' என்ற ஃபீல்டு ஒன்று உண்டு, அது கேள்விப் பெட்டி ஒன்றைக் காட்டிப் பெயரைக் கேட்டு வாங்கி, தானே புக்மார்க் செய்துகொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அதே கேள்வி திரும்ப வரும். ஐந்து தகவல் என்றால் ஐந்து கேள்வி, ஒவ்வொரு தடவையும். பழைய வகைப் படிவப் பெட்டிகளும் இருக்கின்றன, 'கால்குலேட் ஆன் எக்சிட்' என்ற டிக்கோடு. அவை வேலை செய்ய ஆவணத்தைப் பூட்டி வைக்க வேண்டும், பூட்டினால் நடுவில் ஒரு வரி கூடுதலாக எழுத முடியாது. எனக்கு ஒத்துவரவில்லை.

சரி, கடைசியில் எது ஒத்துவந்தது? கன்டென்ட் கன்ட்ரோல், அதாவது ஆவணத்துக்குள் நிரப்புவதற்கென்றே போடும் பெட்டி. வேர்டு 2007-இல் வந்த வசதி. இத்தனை வருடமாகக் கண்ணெதிரே இருந்தும் நான் தொடாமல் இருந்திருக்கிறேன்.

'இன்சர்ட்' தாவலில் 'குயிக் பார்ட்ஸ்', அதன் உள்ளே 'டாக்குமென்ட் பிராப்பர்ட்டி', அதாவது ஆவணத்தின் பண்புகள். திறந்தால் ஆத்தர், டைட்டில், கம்பெனி, சப்ஜெக்ட், மேனேஜர், பப்ளிஷ் டேட், கம்பெனி அட்ரஸ், கம்பெனி ஃபேக்ஸ் என்று 15 பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கர்சர் இருக்கும் இடத்தில் ஒரு பெட்டி வந்து உட்காரும். அதே பெட்டியை இன்னொரு பக்கத்திலும் போடுங்கள், பக்கத்தின் மேல் ஓரத்திலும் போடுங்கள். இப்போது ஏதாவது ஒரு பெட்டியில் தட்டிவிட்டு வெளியே வந்தால் எல்லாப் பெட்டியும் மாறிவிடும். எஃப்9 வேண்டாம், மேக்ரோ என்ற குட்டி நிரலும் வேண்டாம், அதனால் கோப்பைத் திறக்கும்போது வரும் பாதுகாப்பு எச்சரிக்கையும் இல்லை. எந்தப் பெட்டியில் தட்டினாலும் மற்றவை மாறும் என்பது புக்மார்க் வழியில் கிடைக்காத சௌகரியம், அங்கே மூல இடம் எது என்று தெரிந்து அங்கேதான் மாற்ற வேண்டும்.

'கம்பெனி ஃபேக்ஸ்' என்ற பெட்டியில் எதற்குப் பணியாளர் பெயரைப் போடுவது என்று தோன்றும். பெட்டிக்கு மேலே தெரியும் தலைப்பை மாற்றிக்கொள்ளலாம். 'டெவலப்பர்' தாவலில் 'பிராப்பர்ட்டீஸ்' திறந்து 'பணியாளர் பெயர்' என்று தலைப்பு வைத்தால் போதும், உள்ளே அது எந்தப் பண்போடு கட்டப்பட்டிருக்கிறதோ அந்தக் கட்டு அப்படியே இருக்கும். 'டெவலப்பர்' தாவல் தெரியவில்லை என்றால் 'ஆப்ஷன்ஸ்' உள்ளே 'கஸ்டமைஸ் ரிப்பன்' போய் டிக் போடுங்கள். தலைப்பு, எழுத்து நடை எல்லாவற்றையும் முதல் பெட்டியிலேயே சரிசெய்துவிட்டு, அப்புறம் அந்தப் பெட்டியை முழுதாக நகலெடுத்து மற்ற இடங்களில் ஒட்டுவதுதான் நல்லது. பதினோரு பெட்டிக்கும் தனித்தனியாகத் தலைப்பு மாற்றிக்கொண்டிருந்து ஒரு மதியம் முழுக்க எனக்குப் போனது.

எந்தப் பண்பைத் தேர்ந்தெடுப்பது என்பதில் கவனம் வேண்டும். ஆத்தர், டைட்டில், சப்ஜெக்ட், கமென்ட்ஸ் போன்றவை கோப்பின் பண்புகளாகவே சேமிக்கப்படும். கோப்பைப் பெறுகிற யாரும் 'ஃபைல்' உள்ளே 'இன்ஃபோ' போய்ப் பார்க்கலாம். பிடிஎஃப் ஆக்கும்போதும் தலைப்பும் ஆசிரியர் பெயரும் கூடவே போகும். சம்பளத் தொகையை 'கமென்ட்ஸ்' பெட்டியில் வைத்துவிட்டு, பின்னால் கடிதத்திலிருந்து அந்த வரியை மட்டும் அழித்தால் தொகை பண்பில் உட்கார்ந்தே இருக்கும். இதற்கு மாறாக, பப்ளிஷ் டேட், அப்ஸ்ட்ராக்ட், கம்பெனி அட்ரஸ், கம்பெனி போன், கம்பெனி ஃபேக்ஸ், கம்பெனி இமெயில் ஆகிய ஆறும் முகப்புப் பக்கத்துக்காகச் செய்யப்பட்டவை, இவை கோப்பின் உள்ளே தனியாக ஓர் எக்ஸ்எம்எல் துண்டில் (தகவலுக்குப் பெயர் வைத்து எழுதும் ஒரு வடிவம்) இருக்கும், 'இன்ஃபோ' பக்கத்தில் தெரியாது. நான் முதலில் இந்த ஆறைத்தான் பயன்படுத்துவேன். அதற்காக ரகசியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கோப்பைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு அதுவும் தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பப்ளிஷ் டேட். அது நாட்காட்டியோடு வரும் பெட்டி. தேதியை ஒரு முறை தேர்ந்தெடுத்தால் எல்லா இடத்திலும் வரும், ஆனால் ஒவ்வொரு நகலும் தேதியை எந்த வடிவில் காட்ட வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லலாம். கடிதத்தின் மேலே 12.06.2025 என்றும், உள்ளே மாதத்தின் பெயரை எழுத்தில் விரித்தும் காட்டலாம். தேதி ஒன்று, உடுப்பு மட்டும் வேறு.

முகவரிப் பெட்டிக்கு ஒரு குறிப்பு: 'பிராப்பர்ட்டீஸ்' உள்ளே, பெட்டிக்குள் என்டர் தட்ட அனுமதிக்கும் டிக் ஒன்று இருக்கிறது. அது இல்லாவிட்டால் முகவரி முழுவதும் ஒரே வரியாகத்தான் வரும். அதே இடத்தில் இரண்டு பூட்டுகளும் இருக்கின்றன. பெட்டியை நீக்க முடியாதபடி பூட்டுவது ஒன்று, உள்ளே இருப்பதைத் திருத்த முடியாதபடி பூட்டுவது இன்னொன்று. முதல் பூட்டை எல்லாப் பெட்டிக்கும் போடுவேன். இரண்டாவதை முதல் பக்கத்துப் பெட்டியைத் தவிர மற்றவற்றுக்குப் போடுவேன். அப்போது தட்டுபவருக்குக் குழப்பம் இல்லை, முதல் பக்கத்தில் மட்டும் நிரப்ப வேண்டும், மற்றவை தாமே நிரம்பும்.

பதினைந்துக்கு மேல் தகவல் வேண்டுமென்றால் சொந்தமாக எக்ஸ்எம்எல் துண்டு சேர்க்கலாம். நோட்பேடில் நமக்கு வேண்டிய பெயர்களோடு சில வரி எழுதி, வேர்டு 2013 முதல் இருக்கும் 'எக்ஸ்எம்எல் மேப்பிங் பேன்' வழியாக அதை உள்ளே ஏற்றி, பட்டியலில் உள்ள பெயர்மேல் வலது கிளிக் செய்து பெட்டியாக்கலாம். ஒரு மணி நேர வேலை. வருடக்கணக்கில் பயன்படும் டெம்ப்ளேட் என்றால் அந்த ஒரு மணி நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரேஆபீஸ் ரைட்டர் வைத்திருப்பவர்கள் கன்ட்ரோல்+எஃப்2 அழுத்தி 'வேரியபிள்ஸ்' தாவலில் 'யூசர் ஃபீல்டு' பாருங்கள். பெயர், மதிப்பு கொடுத்து, வேண்டிய இடமெல்லாம் செருகி, பிறகு எதையாவது ஒன்றை இரட்டைக் கிளிக் செய்து மதிப்பை மாற்றினால் எல்லாம் மாறும். எளிமையில் இது வேர்டைவிட ஒரு படி மேல் என்றே சொல்வேன்.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த மொழிக்கும் பொருந்தும். இப்போது நம் மொழிக்கு வருவோம்.

பெட்டிகளை எல்லாம் போட்டு முடித்து, முதல் தடவை 'கமலா' என்று தட்டிப் பார்த்தேன். பதினோரு இடத்திலும் கமலா வந்தது. ஆனால் 'கமலாக்கு வழங்கப்படும் விடுப்பு', 'கமலாஇன் பொறுப்புகள்' என்று வந்தது. ஆங்கிலக் கடிதங்களுக்கான வழிமுறையைப் படித்து, பெட்டிக்குப் பின்னால் 'க்கு', 'இன்' என்று ஒட்டி வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் ஒரு சொல் வரும், பெயர் மாறாது. தமிழில் பெயரே மாறும். கமலாவுக்கு, குமாருக்கு, செல்வத்துக்கு, மணிக்கு. நாலு பெயர், நாலு விதம். பெட்டிக்குப் பின்னால் 'க்கு' என்று நிரந்தரமாக எழுதி வைத்தால் மணிக்கு மட்டும்தான் சரியாக வரும். 'உக்கு' என்று எழுதினால் உகரம் தனி எழுத்தாக நின்று 'குமார்உக்கு' ஆகிவிடும். செல்வம் இன்னும் கஷ்டம், ஈற்றிலுள்ள மகரம் கெட்டு அத்துச் சாரியை வர வேண்டும். எந்த மென்பொருள் பெட்டியும் இதைச் செய்யாது, பெட்டிக்குத் தெரிந்தது நாம் தட்டிய எழுத்துகள் மட்டுமே.

ரொம்ப நாள் யோசித்து, வேற்றுமைக்கு ஒன்றாகப் பெயரை நான்கு பெட்டியில் தனித்தனியாகத் தட்டச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அது வேலையைக் குறைப்பதற்குப் பதில் கூட்டும். விடை வேறு இடத்தில் கிடைத்தது. பழைய பத்திரங்களையும் மனுக்களையும் படித்துப் பாருங்கள், 'கமலா என்பவருக்கு', 'செல்வம் என்பவரால்', 'திருமதி கமலா அவர்களின்' என்றே இருக்கும். அந்த நடை நீட்டி முழக்குவதாக எனக்கு எப்போதும் ஒரு எண்ணம் இருந்தது. டெம்ப்ளேட் செய்யும்போதுதான் அது எவ்வளவு வேலை செய்கிறது என்று புரிந்தது. பெயர் எழுவாய் வடிவில் அசையாமல் நிற்கிறது, உருபைப் பின்னால் வரும் சொல் வாங்கிக்கொள்கிறது. கோடிட்ட இடத்தை யார் நிரப்பினாலும் வாக்கியம் உடையாது.

இதையே எல்லாத் தகவலுக்கும் விரித்தேன். பெட்டிக்குப் பின்னால் எப்போதும் இடைவெளி விட்டு ஒரு பொதுச்சொல் வர வேண்டும், உருபு அந்தப் பொதுச்சொல்லில்தான் ஒட்ட வேண்டும், இதுதான் நான் வைத்துக்கொண்ட விதி. பெயர் என்றால் 'அவர்கள்' அல்லது 'என்பவர்'. இடம் என்றால் 'கிளை', அப்போது கிளைக்கு, கிளையில், கிளையிலிருந்து என்று எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். பதவி என்றால் 'மேலாளர் பொறுப்பில்', 'மேலாளர் பொறுப்புக்கு'. தேதி என்றால் 'அன்று' அல்லது 'தேதி முதல்'. நிறுவனம் என்றால் 'என்ற நிறுவனத்தின்'. ஒற்று மிகுவதும் அந்தப் பொதுச்சொல்லோடு நிலையாகிவிடும், 'பொறுப்புக்குத் தேர்வு' என்று ஒரு முறை சரியாக எழுதிவிட்டால் எந்தப் பதவி வந்தாலும் அது மாறாது.

அதைவிட நல்ல வழி, பெயரைத் திரும்பச் சொல்லாமலே இருப்பது. முதல் பத்தியில் 'திருமதி கமலா அவர்கள் (இனி பணியாளர் எனப்படுவார்)' என்று ஒரு முறை வரையறுத்துவிட்டால், அப்புறம் பணியாளருக்கு, பணியாளரின், பணியாளரை என்று தாராளமாக எழுதலாம், ஆண்பால் பெண்பால் பிரச்சினையும் அதோடு போகும். இப்படித் திருத்தியபின் என் கடிதத்தில் பதினோரு பெட்டி நான்காகக் குறைந்தது: முகவரிக் கட்டம், முதல் பத்தி, மேல் ஓரம், கையெழுத்து இடம். தானாகத் திரும்ப வரும் வசதியைத் தேடிப் போன எனக்கு, திரும்ப வர வேண்டிய இடங்களே பாதிக்கு மேல் தேவையில்லாதவை என்று தெரிந்தது. நான்கு இடத்துக்கும் பெட்டிதான் வேண்டும், கையால் மாற்றுவதற்குத் திரும்பிப் போக மாட்டேன், ஆனால் வாக்கியத்தைச் சரிசெய்யாமல் பெட்டியை மட்டும் பெருக்கியிருந்தால் பிழையையும் பதினோரு மடங்கு பெருக்கியிருப்பேன்.

தலைப்பெழுத்துக்கும் ஒரு யோசனை வேண்டும். முகவரியில் 'க. செல்வம்' என்று வேண்டும், 'அன்புள்ள செல்வம்' என்ற விளிப்பில் தலைப்பெழுத்து வந்தால் நன்றாக இல்லை. தலைப்பெழுத்துக்குத் தனிப் பெட்டி, பெயருக்குத் தனிப் பெட்டி என்று பிரித்துவிட்டேன். 'திரு', 'திருமதி', 'செல்வி' என்பதற்கும் தனிப் பெட்டிதான், அதை நாம் முடிவுசெய்யாமல் சேர்பவரிடமே கேட்டு நிரப்புகிறோம்.

எல்லாம் முடிந்ததும் கோப்பைச் சாதாரண ஆவணமாக இல்லாமல், 'சேவ் ஆஸ்' பட்டியலில் 'வேர்டு டெம்ப்ளேட்' என்று தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். அதை இரட்டைக் கிளிக் செய்தால் மூலம் திறக்காது, அதன் அடிப்படையில் பெயரிடாத புதுக் கோப்பு திறக்கும். போன ஆளின் கோப்பிலிருந்து தொடங்கும் பழக்கத்துக்கு அதோடு வேலை இல்லை. பெட்டிகளை நிரப்பாத நிலையில்தான் சேமிக்க வேண்டும், மாதிரிப் பெயர் எதையும் உள்ளே விட்டுவைக்காதீர்கள். காலியான பெட்டி 'பெயரை இங்கே தட்டவும்' என்று சாம்பல் நிறத்தில் கேட்டுக்கொண்டிருக்கும், மறந்தால் உடனே கண்ணில் படும். மாதிரிப் பெயர் இருந்தால் உண்மைப் பெயர் போலவே கண்ணை ஏமாற்றி அச்சாகிவிடும்.

மற்றவர்கள் கையில் கொடுப்பதற்கு முன் நான் கமலா, குமார், செல்வம், மணி என்ற நாலு பெயரையும் ஒவ்வொன்றாகத் தட்டி, நாலு தடவை கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படிப்பேன். மெய்யில் முடியும் பெயர், உயிரில் முடியும் பெயர், மகரத்தில் முடியும் பெயர் எல்லாம் அதில் அடங்கிவிடும். ஐந்தாவதாக மிக நீளமான ஒரு பெயரையும் ஐந்து வரி முகவரியையும் தட்டி, கையெழுத்து இடம் அடுத்த பக்கத்துக்குத் தனியாக ஓடிவிடுகிறதா என்று பார்ப்பேன். போன வாரம் செய்த டெம்ப்ளேட்டில் ஓடியது. கடைசிப் பத்தியோடு அதைக் கட்டி வைத்துவிட்டு இன்னொரு முறை ஐந்தையும் தட்டினேன்.